பக்கவாத்தியம் இல்லாத மேடை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் கல்லூரியில் ஒன்பது பேர் சேர்ந்து, கிட்டாரோ கீபோர்டோ இல்லாமல் குரல்களால் மட்டுமே பாடும் அகாபெல்லா குழு ஒன்றைத் தொடங்கியிருக்கிறோம். கலைவிழாவில் எங்களை அறிமுகப்படுத்தும்போது, "இது 1909-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் தோன்றிய கலை" என்று சொல்லும்படி சீனியர் ஒருவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அது சரிதானா?
— கல்லூரி மாணவி, தாம்பரம்

பதில்: ஆண்டு சரி, "தோன்றிய" என்ற சொல்தான் சரியில்லை. அகாபெல்லா என்பது "தேவாலயத்தில் பாடுவது போல" என்று பொருள்படும் இத்தாலியச் சொல். கருவிகளின் துணையின்றிப் பல குரல்கள் இணைந்து பாடும் முறை ஐரோப்பியத் தேவாலயங்களில் பல நூற்றாண்டுகளாக இருந்து வந்திருக்கிறது. ஆகவே நாம் பேச வேண்டியது அந்தக் கலையின் தோற்றத்தைப் பற்றி அன்று. கல்லூரி மாணவர்கள் அதை எடுத்துக்கொண்டு தங்களுக்கென்று ஒரு வழக்கமாக ஆக்கிக்கொண்ட கதையைப் பற்றித்தான். அந்தக் கதையும் யேலில் தொடங்கவில்லை என்பதே என் உறுதியான கருத்து.

அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்ததும், விடுதலை பெற்ற கறுப்பின மக்களின் கல்விக்காக டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகரில் 1866-இல் ஃபிஸ்க் கல்விக்கூடம் திறக்கப்பட்டது. ஐந்தே ஆண்டுகளில் அது பணமின்றி மூடும் நிலைக்கு வந்தது. அப்போது அங்கே பொருளாளராகவும் இசை ஆசிரியராகவும் இருந்த ஜார்ஜ் ஒயிட் என்பவர், ஐந்து பெண்களும் நான்கு ஆண்களுமாக ஒன்பது மாணவர்களை அழைத்துக்கொண்டு, ஊர் ஊராகப் பாடி நிதி திரட்டலாம் என்று 1871 அக்டோபர் 6 அன்று புறப்பட்டார். அந்த ஒன்பது பேரில் பெரும்பாலோர் அடிமைகளாகப் பிறந்தவர்கள். (நீங்களும் ஒன்பது பேர் என்று எழுதியிருந்ததைப் படித்தபோது என் நினைவு முதலில் அங்கேதான் போயிற்று.) புறப்பட்ட சில நாள்களிலேயே சிகாகோ நகரம் பெருந்தீயில் எரிந்தது. கையில் அடுத்த ஊருக்குப் போகவே பணம் இல்லாத அந்த மாணவர்கள், தொடக்க நிகழ்ச்சி ஒன்றில் கிடைத்த சொற்பத் தொகையைச் சிகாகோ மக்களின் துயர் நீக்கக் கொடுத்துவிட்டார்கள்.

தொடக்கத்தில் அவர்கள் அக்கால வெள்ளையர் மேடைகளில் வழங்கிய பாடல்களையே மிகுதியாகப் பாடினார்கள், அவற்றுக்குக் கேட்பவர்களும் அதிகமில்லை. தங்கள் பெற்றோர் வயல்களிலும் இரகசியக் கூட்டங்களிலும் பாடிய ஆன்மிகப் பாடல்களை வெளியார் முன்னால் பாட அவர்கள் தயங்கினார்கள், ஏனென்றால் அவை அடிமை வாழ்வின் நினைவோடும் சொந்த வழிபாட்டோடும் பிணைந்திருந்தன. அந்தத் தயக்கத்தைக் கடந்து, பெரும்பாலும் கருவி ஏதுமின்றி, அடக்கிய குரலில், பல சுரங்களை ஒருங்கே இசைத்து அந்தப் பாடல்களைப் பாடியபோதுதான் கேட்டவர்கள் அசைவற்று உட்கார்ந்தார்கள். ஃபிஸ்க் ஜுபிலி சிங்கர்ஸ் என்ற பெயரோடு அவர்கள் 1873-இல் இங்கிலாந்து சென்று விக்டோரியா அரசியின் முன் பாடினார்கள். அவர்கள் திரட்டிய நிதியில் எழுந்த ஜுபிலி ஹால் 1876-இல் திறக்கப்பட்டு, இன்றும் அந்தப் பல்கலைக்கழகத்தில் நிற்கிறது. குழுவும் இன்றுவரை பாடிக்கொண்டிருக்கிறது. ஒரு கல்லூரியின் மாணவர்கள் தங்கள் குரலைத் தவிர வேறு முதலில்லாமல் அந்தக் கல்லூரியையே காப்பாற்றினார்கள் என்ற இந்தச் செய்தி, கல்லூரிப் பாட்டுக் குழுக்களின் வரலாறு எழுதப்படும்போதெல்லாம் ஏன் ஒரு வரியில் கடக்கப்படுகிறது என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

யேலுக்கு வருவோம். ஹார்வர்டில் 1858-இலும் யேலில் 1861-இலும் கிளீ கிளப் எனப்படும் மாணவர் பாடகர் சங்கங்கள் அமைந்தன. யேல் சங்கத்தின் தேர்ந்த பாடகர் சிலர், நியூ ஹேவன் நகரில் மோரிஸ் என்ற விடுதியில் வாரந்தோறும் கூடிப் பாடிவந்து, 1909-இல் தங்களுக்கு விஃபன்பூஃப்ஸ் என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். அது அதற்கு முந்தைய ஆண்டில் மேடையேறிய ஓர் இசை நாடகத்தில் வரும் கற்பனை உயிரினத்தின் பெயர். இன்றுவரை இடைவிடாது தொடரும் கல்லூரி அகாபெல்லா குழுக்களில் மூத்தது அதுவே என்று சொல்வது வழக்கம், உங்கள் சீனியர் குறித்துக் கொடுத்த ஆண்டு அங்கிருந்து வந்ததுதான். அவர்கள் பாணிக்கு அடிப்படையான நால்வர் பாட்டு, அதாவது பார்பர்ஷாப் என்று அழைக்கப்படும் முறை, கறுப்பின மக்களின் முடிதிருத்தும் கடைகளிலும் தெருமுனைகளிலும் வளர்ந்தது என்று இன்றைய ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஆனால் அந்த முறையைப் பாதுகாப்பதற்கென்றே 1938-இல் ஓக்லஹோமாவின் டல்சா நகரில் தொடங்கப்பட்ட சங்கம், 1963 வரை கறுப்பினத்தவரை உறுப்பினராகச் சேர்க்கவில்லை.

ஆகவே உங்கள் அறிமுக உரையில் 1871-ஐ முதலிலும் 1909-ஐ அடுத்தும் சொல்லுங்கள்.

கேள்வி: அந்தக் குழுக்களில் பெண்கள் எப்போது இடம்பெற்றார்கள்? இப்போது நாம் இணையத்தில் கேட்கும், வாயாலேயே டிரம்ஸ் வாசிக்கும் பாணி எப்போது வந்தது?
— வாசகி, அண்ணா நகர்

பதில்: ஃபிஸ்க் குழுவில் முதல் நாளிலிருந்தே பெண்கள்தான் அதிகம் என்பதை மேலே பார்த்தோம். அமெரிக்கக் கிழக்குக் கடற்கரையின் பழைய பல்கலைக்கழகங்கள் பலவற்றில் பெண்களுக்கு இடமே இல்லாதிருந்ததால் அங்குள்ள குழுக்களிலும் இடமில்லை. மகளிர் கல்லூரியான ஸ்மித் கல்லூரியில் 1936-இல் ஸ்மிஃபன்பூஃப்ஸ் என்ற பெண்கள் குழு அமைந்தது, பெயரிலேயே யேல் குழுவுக்கு விடை இருக்கிறது. யேல் இளங்கலை வகுப்புகளில் 1969-இல் பெண்களைச் சேர்த்தபோது, அதே ஆண்டில் நியூ புளூ என்ற பெண்கள் குழு அங்கே பிறந்தது. விஃபன்பூஃப்ஸ் குழு ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுக்க 2018 வரை ஆயிற்று.

பாணி மாறியது 1990-களில். அதுவரை பின்னணிக் குரல்கள் "ஊ", "ஆ", "டூ" என்று சுரக்கட்டுகளை, அதாவது ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் சுரங்களை (கார்டு), மட்டும் பிடித்துக்கொண்டிருந்தன. பாஸ்டன் அருகிலுள்ள டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் பீல்ஸிபப்ஸ் குழுவில் பாடிய டீக் ஷாரன் என்ற மாணவர், கிட்டாரின் மீட்டலையும் டிரம்ஸின் அடியையும் குரலிலேயே பெயர்த்து ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு வேலையாகப் பிரித்துக் கொடுக்கும் முறையை வளர்த்தார். கல்லூரிக் குழுக்களின் சிறந்த பதிவுகளைத் தொகுக்கும் ஆண்டுத் தொகுப்பு 1995-இலும், குழுக்களுக்கிடையேயான நாடளாவிய போட்டி 1996-இலும் தொடங்கின. அந்தப் போட்டியைச் சுற்றிப் பின்னப்பட்ட பிட்ச் பெர்ஃபெக்ட் திரைப்படம் 2012-இல் வெளிவந்தபோது, நம் ஊர் மாணவர்களுக்கும் இந்தச் சொல் பழகிவிட்டது.

கேள்வி: நாற்பது ஆண்டுகள் பாட்டுச் சொல்லிக் கொடுத்தவன் நான். தம்புராவும் இல்லை, சுருதிப்பெட்டியும் இல்லை என்றால் இவர்கள் எதைப் பற்றிக்கொண்டு பாடுகிறார்கள்? சுருதி நிற்குமா?
— ஓய்வு பெற்ற இசை ஆசிரியர், மயிலாப்பூர்

பதில்: ஐயா, உங்கள் கேள்விதான் இந்தக் கலையின் உயிர்நாடியைத் தொடுகிறது, ஆகவே சற்று விரிவாக எழுத அனுமதியுங்கள்.

பாட்டு தொடங்குமுன் ஒருவர் பிட்ச் பைப் என்னும் சிறு ஊதுகருவியில் ஆதார சுரத்தை ஒரு முறை ஊதிக் காட்டுவார், அத்துடன் வெளியுதவி முடிந்தது. பிறகு ஒவ்வொருவரும் மற்றவர் குரலைப் பற்றிக்கொண்டுதான் பாட வேண்டும். நன்கு சுருதி சேர்த்த தம்புராவில் மந்தர ஸட்ஜத் தந்தியை மீட்டிவிட்டுக் காத்திருந்தால், யாரும் மீட்டாமலேயே அந்தர காந்தாரம் மெல்ல எழுந்து நிற்பதை உங்கள் மாணவர்களுக்கு எத்தனையோ முறை காட்டியிருப்பீர்கள். அந்தக் காந்தாரம் ஸட்ஜத்தோடு 5:4 என்ற விகிதத்தில் அமைந்தது. பியானோவிலும் கீபோர்டிலும் இருக்கும் காந்தாரமோ, எல்லாச் சுருதிக்கும் பொதுவாக இருக்க வேண்டும் என்பதற்காக, ஓர் அரைச்சுரத்தை (கீபோர்டில் அடுத்தடுத்த இரு சுரங்களின் இடைவெளியை) நூறு பங்காக்கினால் ஏறத்தாழ 14 பங்கு உயர்த்தி வைக்கப்பட்டது. கீபோர்டு விலகியவுடன் நல்ல காதுள்ள பாடகர்கள் தம்மையறியாமல் தம்புராவின் காந்தாரத்துக்கே இறங்கி வந்துவிடுகிறார்கள். அப்போது யாரும் பாடாத ஒரு மேல்சுரம் கூடத்தில் ஒலிப்பது போலத் தோன்றும். மேற்கத்திய நால்வர் குழுக்கள் மணிக்கணக்கில் பயிற்சி செய்வது அந்த ஒரு கணத்துக்காகத்தான்.

சுருதி நிற்குமா என்றால், நிற்காமல் போகவும் கூடும். மூச்சுக் குறைவும் களைப்பும் ஒரு காரணம். அதைவிட நுட்பமான காரணம் ஒன்று உண்டு. நம் முறையில் ஒவ்வொரு சுரமும் மாறாத ஸட்ஜத்தோடு ஒப்பிட்டே நிறுத்தப்படுகிறது. பல குரல் முறையில் ஒரு சுரக்கட்டிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது, முந்தையதில் இருந்த பொதுச் சுரத்தைப் பிடித்துக்கொண்டு மற்றவர்கள் நகர்கிறார்கள். ஒவ்வொரு நகர்விலும் எல்லாரும் பிசகின்றி, தூய விகிதத்திலேயே பாடினாலும், சில வகைச் சுற்றுகளை முடித்துத் தொடங்கிய இடத்துக்கு வரும்போது ஆதார சுரம் அரைச்சுரத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இறங்கியிருக்கும். கணக்கே அப்படித்தான் அமைந்திருக்கிறது. நகரின் ஒரு கல்லூரி அரங்கில் ஒரு குழு மிக அழகாகப் பாடிக்கொண்டு வந்ததை நான் கேட்டிருக்கிறேன். கடைசிச் சரணத்தில் கீபோர்டு சேர்வதாக ஏற்பாடு. அது சேர்ந்த கணத்தில், குழு முழுவதும் ஒற்றுமையாக அரைக் கட்டை இறங்கியிருந்தது அரங்கத்துக்கே தெரிந்துவிட்டது. அவர்கள் முகம் வாடியதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை, ஏனெனில் அவர்களில் ஒருவர்கூட அபசுரமாகப் பாடவில்லை. தேர்ந்த குழுக்கள் இதற்காகவே அடிக்குரல் பாடுபவரிடம் ஆதார சுரத்தின் பொறுப்பை ஒப்படைத்து, மற்றவர்கள் அவரை அனுசரிக்கும்படி பழக்குகிறார்கள். அந்த வகையில் அவர்தான் அந்த மேடையின் தம்புரா.

வாயால் தாளம் போடுவதைப் பற்றியும் கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருந்தீர்கள். அது கொன்னக்கோல் அன்று. கொன்னக்கோலில் "தகதிமி" என்ற சொற்கட்டே தாளக் கணக்கின் மொழியாக, தன்னளவில் நிறைவானதாக இருக்கிறது. இவர்கள் செய்வது டிரம்ஸின் ஓசையைப் போலவே ஒலிக்க வைப்பது. ஆனால் கொன்னக்கோல் பயின்ற ஒரு மாணவர் இப்படிப்பட்ட குழுவில் சேர்ந்தால், அந்தக் குழுவுக்கு எந்த வெளிநாட்டுக் குழுவிடமும் இல்லாத ஒரு செல்வம் கிடைக்கும் என்று நம்புகிறேன்.

கேள்வி: நம் மொழிப் பாடல்களுக்கு இது ஒத்துவருமா?
— வாசகர், புரசைவாக்கம்

பதில்: ஒத்துவரும், வந்துமிருக்கிறது. 1993-இல் வெளிவந்த திருடா திருடா படத்தில் ஏ.ஆர்.ரகுமான் "ராசாத்தி" பாடலைக் குரல்களை மட்டுமே கொண்டு அமைத்தார். நாட்டுப்புற மெட்டின் கீழே குழுக்குரல்கள் எங்கே நிற்கின்றன, எங்கே விலகுகின்றன என்று கவனித்துக் கேளுங்கள், அதுவே ஒரு பாடம். அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 1996-இல் இந்திய வம்சாவளி மாணவர்கள் தொடங்கிய பென் மசாலா குழு, இந்திப் பாடல்களையும் ஆங்கிலப் பாடல்களையும் பின்னிப் பாடி, 2009-இல் வெள்ளை மாளிகையின் தீபாவளி விழா வரை சென்றது. நம் நகரத்துக்கும் பல குரல் பாட்டு புதிதன்று. மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷன் என்ற சேர்ந்திசைக் குழு 1893-இலிருந்து இருக்கிறது. இசையமைப்பாளர் எம்.பி.சீனிவாசன் தமது மெட்ராஸ் யூத் கொயர் வழியே பாரதியின் பாடல்களைச் சேர்ந்திசையாக நூற்றுக்கணக்கான இளைஞர்களுக்குப் பயிற்றுவித்தார். ஞாயிறுதோறும் தேவாலயங்களில் பாமாலைப் பாடல்களை நான்கு குரல்களில் பாடிப் பழகியவர்கள் உங்கள் பகுதியிலேயே எத்தனையோ பேர் இருப்பார்கள்.

ஒரே ஓர் எச்சரிக்கை: கமகம் மிகுந்த மெட்டை ஆறு பேர் ஆறு விதமாக அசைத்தால் சுரக்கட்டு கலைந்துவிடும். அசைவை முதற்குரலுக்கு மட்டும் விட்டுவிட்டு, மற்றவர்கள் நேர்ச்சுரத்தில் கார்வை பிடிப்பதே, அதாவது அசைக்காமல் நீட்டி நிறுத்துவதே நல்லது.

கேள்வி: முதலில் எழுதிய மாணவியே மீண்டும் கேட்கிறேன். எங்களில் ஐந்து பேர் இறுதியாண்டு. அடுத்த ஆண்டு குழு இருக்குமா என்று பயமாக இருக்கிறது. அவர்கள் மட்டும் எப்படி நூறு ஆண்டுகள் நிலைத்தார்கள்?
— கல்லூரி மாணவி, தாம்பரம்

பதில்: விஃபன்பூஃப்ஸ் குழுவின் அமைப்பைப் பாருங்கள்: உறுப்பினர் 14 பேர், ஆண்டுதோறும் 14 பேருமே மாறிவிடுகிறார்கள். பழையவர் ஒருவர்கூட இல்லாத புதிய குழு ஒவ்வோர் ஆண்டும் அதே பெயரில் எழுகிறது. விலகுகிறவர்களே அடுத்தவர்களைக் குரல்தேர்வு வைத்துத் தேர்ந்தெடுத்து, பாடல்களின் குரல் பிரிப்புகளை ஏட்டோடு ஒப்படைத்துவிட்டுப் போகிறார்கள். இசை நெறியாளரும் மாணவர், வரவு செலவு பார்ப்பவரும் மாணவர்.

நீங்களும் அப்படியே செய்யுங்கள். ஒவ்வொரு பாடலுக்கும் எத்தனை கட்டை, யார் எந்தக் குரல், எந்த இடத்தில் மூச்சு என்பதையெல்லாம் ஒரே நோட்டில் எழுதி வையுங்கள். ஒவ்வொருவருடைய குரலையும் தனித்தனியாகக் கைப்பேசியில் பதிவு செய்து பாடலின் பெயரிட்டுச் சேமியுங்கள். ஜூனியர்களை அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று விடாமல், இந்தப் பருவத்திலேயே நான்கு பேரைச் சேர்த்து, கலைவிழாவில் ஒரு பாடலாவது அவர்களோடு மேடையேறுங்கள். நோட்டின் முதல் பக்கத்தில் உங்கள் ஒன்பது பேரின் பெயரையும் தொடங்கிய தேதியையும் எழுத மறக்க வேண்டாம்.