தட்டைத் திருப்பிப் பாருங்கள்

பழைய பீங்கான், வெள்ளிச் சாமான்களைப் பற்றி இம்முறை வந்த கேள்விகளில் பாதி, ‘துரை பங்களாவிலிருந்து வந்தது’ என்றே தொடங்குகின்றன. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் அது வியப்பில்லை. ரப்பர் தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில் ஊர் திரும்பிய வெள்ளைக்காரத் துரைமார் விட்டுச்சென்ற பீங்கான், ஆயா வீட்டுக்கும் சமையல்காரர் வீட்டுக்கும் போனது உண்மை. ஆனாலும் வீட்டுக் கதையைக் கேட்டுவிட்டுத் தட்டின் அடியையும் கேட்பது என் வழக்கம்.

கேள்வி: பாட்டி துரை வீட்டில் ஆயாவாக இருந்தவர். அவர் வைத்திருந்த முயல் படத் தட்டுக்கு நூறு வயது என்கிறார் அண்ணன். பேத்திக்கு அதில் சோறூட்டலாமா?

அடியில் ராயல் டோல்டன் என்ற இங்கிலாந்துப் பீங்கான் நிறுவனத்தின் முத்திரையோடு ‘பன்னிகின்ஸ்’ என்ற பெயரும் இருந்தால் அண்ணனோடு தைரியமாகப் பந்தயம் கட்டுங்கள். அந்த வரிசை 1934இல்தான் தொடங்கியது. முயல்களை வரைந்தவர் பார்பரா வெர்னன் என்ற கன்னியாஸ்திரி. தொழிற்சாலை மேலாளரின் மகள். படத்தோடு அவர் கையொப்பமும் இருந்தால், தொடக்ககாலத் தட்டு என்று மகிழலாம்.

வேறு தட்டுகளின் வயதுக்கும் ஒரு கணக்கு உண்டு. இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று அமெரிக்கா 1890இல் சட்டம் போட்டது. அதனால் ‘இங்கிலாந்து’ என்ற சொல் இருந்தால் பெரும்பாலும் 1891க்குப் பிந்தியது. ‘மேட் இன் இங்கிலாந்து’ என்றால் அநேகமாக இருபதாம் நூற்றாண்டு.

விரிசல் இருக்கிறதா என்று அறிய, பொங்கல் பானை வாங்கும்போது செய்வதுபோலச் சுண்டிப் பாருங்கள். கணீரென்றால் நல்லது, மந்தமாக ஒலித்தால் எங்கோ மயிரிழை ஓடியிருக்கிறது. பேத்திக்கு அதில் சோறூட்ட வேண்டாம். பழைய பூச்சிலும் வண்ணத்திலும் ஈயம் இருக்கக்கூடும். ரசமும் புளிக்குழம்பும் அதை இழுத்துவிடும்.

கேள்வி: கட்டைவிரல் அளவில் வெள்ளித் தேநீர்க் கூஜாவும் நாற்காலியும் இருக்கின்றன. முத்திரை இல்லாததால் போலி என்கிறார் நகைக்கடைக்காரர். இந்த வெள்ளிக்கு எத்தனை வெள்ளி (ரிங்கிட்) கிடைக்கும்?

அவசரப்பட்டு விற்காதீர்கள். பிரிட்டனின் 1973ஆம் ஆண்டுச் சட்டப்படி 7.78 கிராமுக்குக் குறைந்த வெள்ளிப் பொருளுக்கு முத்திரை கட்டாயமில்லை. இத்தகைய வெள்ளிச் சொப்புகளை ஆம்ஸ்டர்டாம் தட்டார்கள் பதினேழாம் நூற்றாண்டிலேயே செய்தார்கள். முத்திரை இருந்தால் பூதக்கண்ணாடியில் பாருங்கள்: நடக்கும் சிங்கம் என்றால் ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி, நங்கூரம் பர்மிங்காமையும் சிறுத்தைத் தலை லண்டனையும் குறிக்கும். ‘இ.பி.என்.எஸ்.’ என்றிருந்தால் நிக்கல் கலவையின் மேல் பூசிய வெறும் வெள்ளி முலாம். விலையைப் படம் பார்த்துச் சொல்ல மாட்டேன்.

நம் வீட்டு வெள்ளிப் பாலாடையும் சங்கும் கிலுகிலுப்பையும் இதே இனம்தான். அவற்றை உருக்கிக் கொலுசு செய்தவர்கள் எனக்கு எழுதும்போது வயிறு எரிகிறது.

கேள்வி: ஞானஸ்நானக் கோப்பையையும் கரண்டிகளையும் துணியில் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டு வைத்தேன். கோடு கோடாகக் கறுத்திருக்கிறது. திருநீறு போட்டுத் தேய்க்கட்டுமா?

பால்மரக் காட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியிருக்கிறது! மரத்துப் பாலில் குற்றமில்லை. ரப்பரை உறுதியாக்கச் சேர்க்கும் கந்தகம்தான் வெள்ளியைக் கறுக்கச் செய்கிறது. முட்டை தின்ற கரண்டி கறுப்பதற்கும் அதே கந்தகம்தான் காரணம். பேண்டுக்குப் பதில் பருத்தி நாடா கட்டுங்கள்.

திருநீறு குத்துவிளக்கோடு நிற்கட்டும். முலாம் பூசிய பொருளில் தேய்த்தால் நாலைந்து தீபாவளிக்குள் அடியிலுள்ள உலோகம் எட்டிப் பார்க்கும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவி உடனே துடையுங்கள். கறை போகாவிட்டால் வெள்ளிக்கென்று விற்கும் பசையை மென்துணியில் தொட்டுத் தடவுங்கள். அலுமினியத் தாளும் சோடா மாவும் போட்டுக் கொதிநீரில் ஊறவைக்கும் வித்தை எனக்குப் பிடிக்காது. செதுக்கல் பள்ளங்களில் அழகாகத் தங்கியிருக்கும் கருமையும் சேர்ந்து போய்விடும்.

கேள்வி: ‘சிலாங்கூர் பியூட்டர்’ என்று பொறித்த குவளை கிடைத்தது. பழையதா?

1992க்கு முந்தியது. அந்த ஆண்டுதான் நிறுவனத்தின் பெயர் ‘ராயல் சிலாங்கூர்’ என்று மாறியது. அதில் தண்ணீர் குடியுங்கள். அடுப்புப் பக்கம் மட்டும் கொண்டுபோகாதீர்கள். பியூட்டரில் பெரும்பகுதி வெள்ளீயம், அது 232 டிகிரியில் உருகிவிடும்.