திருத்த வேண்டியது இடாப்பை

கேள்வி: மகளுக்கு எழினி என்று பெயர் வைத்தோம். இந்த வருடம் முதலாம் தரத்தில் சேர்த்திருக்கிறோம். வகுப்பில் 'எளினி' என்று கூப்பிடுகிறார்கள்; இடாப்பில் (வரவுப் பதிவேட்டில்) 'ஏழினி' என்று எழுதியிருக்கிறார்கள். அது ஆண்பிள்ளையின் பெயர் என்கிறார் உறவினர் ஒருவர். எண்சாத்திரம் பார்ப்பவர் ஓர் எழுத்தைக் கூட்டச் சொல்கிறார். ஊரில் எவரும் வைக்காத பெயரை வைத்துப் பிள்ளையைச் சிரமப்படுத்திவிட்டோமா? மாற்றிவிடலாமா?
– ஒரு தாய், மல்லாவி

பதில்: வேண்டாம், அம்மா. பிள்ளையின் பெயரில் ஒரு பிழையும் இல்லை. இடாப்பில்தான் பிழை.

உறவினர் சொல்வது பாதி உண்மை. சங்க காலத்தில் எழினி ஆணின் பெயர்தான். புறநானூற்றின் 158ஆம் பாட்டு பாரி, ஓரி, பேகன், ஆய், நள்ளி என்று வள்ளல்களை வரிசைப்படுத்தும்போது எழினியையும் சேர்த்தே சொல்கிறது. ஔவையாருக்கு நெல்லிக்கனி கொடுத்த அதியமானின் மகன் பொகுட்டெழினி. ஆனால் எழினி என்றால் திரைச்சீலை என்றும் பொருள் உண்டு. மாதவி அரங்கேறிய மேடையில் ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என்று மூன்று திரைகள் இருந்ததாகச் சிலப்பதிகாரம் சொல்கிறது. வற்றாப்பளைக் கோயிலில் கண்ணகை அம்மனுக்குப் பொங்கி, கோவலன் கூத்தை விடிய விடியப் பார்த்து வளர்ந்த மண் இது. அந்தக் கதைக்குள் இருக்கும் ஒரு சொல்லை நமக்குப் பழக்கமில்லாதது என்று தள்ளிவைப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. யாழினி, தமிழினி, நளினி என்று கேட்டுப் பழகிய காதுக்கு இன்று அது பெண்பெயராகவே ஒலிக்கிறது. தமிழ்நாட்டிலும் பெண் குழந்தைகளுக்கு வைக்கிறார்கள்.

இனி உச்சரிப்பு. நம்முடைய பேச்சில் ழகரம் ளகரமாகிவிட்டது என்பதை மறைக்க வேண்டியதில்லை. மழையை 'மளை' என்கிறோம், பழத்தைப் 'பளம்' என்கிறோம். வயல்வெளியில் அப்படிப் பேசுவது நம் நாவின் வழக்கம். அதில் வெட்கம் எதற்கு? வகுப்பறை அப்படியல்ல. எழுத்துக் கற்பிக்கும் இடத்தில் ஒரு பிள்ளையின் பெயரையே எழுத்துப் பிசகக் கூப்பிட்டால், அவள் எந்த 'ழ'வை நம்பிப் படிப்பாள்? 'எளினி' என்றதும் எளிமையும் எள்ளலும்தான் நினைவுக்கு வருகின்றன. 'ஏழினி' என்று நீட்டினால் ஏழு வந்து நிற்கிறது. முதலெழுத்துக் குறில், எழில் என்பதில் உள்ளதுபோல.

தொல்காப்பியம் ழகரத்தை ளகரத்தோடு சேர்க்கவில்லை, ரகரத்தோடு சேர்த்திருக்கிறது. நுனிநாக்கு மேல்நோக்கி வளைந்து அண்ணத்தை வருட இவ்விரண்டும் பிறக்கும் என்கிறது. லகர ளகரங்களுக்கு நாவின் விளிம்பு தடிக்கும் என்று வேறாக வைக்கிறது. வீட்டில் இதையே சொல்லிக்கொடுங்கள். 'ர' சொல்வதுபோலத் தொடங்கி, நாவை இன்னும் கொஞ்சம் உள்ளே வளைத்து, அழுத்தாமல் விடச் சொல்லுங்கள். முழங்காவில், உழவு, கிழங்கு என்று அவள் தினமும் கேட்கும் சொற்களிலேயே பழக்கலாம். இந்த வயதில் உடனே வராவிட்டால் அதட்ட வேண்டாம்.

எண்சாத்திரக்காரர் கூட்டிப் பார்ப்பது ஆங்கில எழுத்துகளை. தமிழ்ப் பெயரின் எழுத்தைக் கூட்டவோ குறைக்கவோ அது காரணமாகாது. ஆங்கில எழுத்தைப் பற்றி யோசிக்க வேண்டிய காரணம் வேறு. ழகரத்துக்குத் தமிழ்நாட்டில் 'இசட், எச்' போடுகிறார்கள். நம் இலங்கையில் 'எல்'தான் வழக்கம். முழங்காவிலின் ழகரத்துக்கும் கிளிநொச்சியின் ளகரத்துக்கும் அதே ஓர் எழுத்துத்தான். எதை வைத்தாலும் குறை இருக்கும். பிறப்புச் சான்றிதழில் எது இருக்கிறதோ அதையே பாடசாலையிலும் அடையாள அட்டையிலும் கடவுச்சீட்டிலும் ஓர் எழுத்தும் மாறாமல் எழுதுங்கள். பின்னாளில் பெயர் வித்தியாசத்துக்குச் சத்தியக்கடதாசி முடித்துக்கொண்டு அலைந்தவர்கள் பலரை அறிவேன்.

எவரும் வைக்காத பெயர் என்கிறீர்கள். 1990களில் வன்னியில் தூய தமிழ்ப் பெயர்கள் பெருகியபோது அவற்றில் பலவும் முதன்முதலாக ஒரு வீட்டில்தான் வைக்கப்பட்டன. ஒரே வகுப்பில் மூன்று பிள்ளைகளுக்கு ஒரே பெயர் இருப்பதைவிட, கூப்பிட்டதும் ஒருத்தி மட்டும் எழுந்து நிற்பது என்ன குறை?

பிறப்புச் சான்றிதழின் பிரதியை எடுத்துக்கொண்டு நாளைக்கே வகுப்பாசிரியரிடம் போங்கள். சண்டைக்கு நிற்க வேண்டாம். இடாப்பில் உங்கள் கண்முன்னால் திருத்தச் சொல்லுங்கள். பிறகு ஒருமுறை அந்தப் பெயரை வாசித்துக் காட்டும்படி கேளுங்கள். மகளும் பக்கத்தில் நிற்கட்டும்.