ஒரே இரவில் ஒன்பது பேர்

கேள்வி: மகள் மருத்துவப் படிப்பை முடித்துவிட்டாள். விபத்து அறுவை சிகிச்சை நிபுணர் ஆகட்டும் என்பது எங்கள் ஆசை. அவளோ அவசர சிகிச்சை மருத்துவம்தான் என்று அடம்பிடிக்கிறாள். அது சர்ஜனிடம் அனுப்பிவைக்கிற வேலைதானே? ஐந்து மணி நேர ஆபரேஷனில் நின்றுவிட்டு வந்த அன்றுகூட அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. முந்தின இரவு கேஷுவாலிட்டியில் ஒன்பது பேரைப் பார்த்த கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் மனதை எப்படி மாற்றுவது?

பதில்: அவள் பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறதே, அம்மா! ஐந்து மணி நேரத்தைப் பற்றிப் பேச்சில்லை, ஒன்பது பேரைப் பற்றி ஓயாத பேச்சு. அதை எழுதிவிட்டு நீங்கள் தாண்டிப் போய்விட்டீர்கள். நான் போவதாக இல்லை.

அந்த ஒன்பது பேரில் ஒருவருக்கு மாரடைப்பு, ஒரு குழந்தைக்கு வலிப்பு, ஒருவர் பைக்கிலிருந்து விழுந்தவர் என்று வையுங்கள். யாரை முதலில் தொடுவது என்பதே அவசர மருத்துவரின் வித்தை. பைக்காரருக்கு மூச்சு திணறுகிறது, மார்பின் ஒரு பக்கம் அசையவில்லை, ரத்த அழுத்தம் சரிகிறது. நுரையீரலைச் சுற்றி அடைத்த காற்று இதயத்தை நெருக்குகிறது. எக்ஸ்ரேக்கு அனுப்பினால் வழியிலேயே உயிர் போகலாம். அங்கேயே ஊசி குத்திக் காற்றை விட்டு, ஐந்தாவது விலா இடைவெளியில் குழாய் போட வேண்டும். ரத்தம் போய்க்கொண்டிருந்தால், ரத்தப்போக்கை அடக்கும் டிரானெக்சாமிக் அமிலம் 1 கிராம், நரம்பு வழியாக 10 நிமிடத்தில். அடிபட்டு 3 மணி நேரம் தாண்டிவிட்டால் அதே மருந்து கெடுதல் செய்யும். இதுவா அனுப்பிவைக்கிற வேலை?

சர்ஜனின் பாடு வேறு. அந்தக் குழாயில் எடுத்த எடுப்பில் 1500 மில்லிக்கு மேல் ரத்தம் கொட்டினால் மார்பைத் திறக்க அவர்தான் வர வேண்டும். கல்லீரல் கிழிந்து வந்தவருக்கு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் தைக்கப் பார்த்தால், உடல் குளிர்ந்து, ரத்தம் உறையாமல் போய், மேஜையிலேயே முடிந்துவிடும். அதனால் துணி வைத்து அடைத்து, குடல் கசிவை நிறுத்தி, வயிற்றை முழுக்க மூடாமலே ஐசியூவில் சூடேற்றி, 24 முதல் 48 மணி நேரத்தில் மறுபடி உள்ளே போவார்கள். பிறகு அந்த ஒருவரோடு வாரக்கணக்கில் கிடக்க வேண்டும். (ரத்த அழுத்தம் நிலையாக இருந்தால், அடிபட்ட மண்ணீரலைப் பெரும்பாலும் ஸ்கேன் பார்த்துக் காத்திருந்தே ஆற்றிவிடுவார்கள். கத்தியைக் கீழே வைக்கவும் படிக்க வேண்டியிருக்கிறது.)

அமெரிக்காவில் அவசர மருத்துவப் பயிற்சி 3 அல்லது 4 ஆண்டு. விபத்து சர்ஜனுக்குப் பொது அறுவை 5 ஆண்டு, அதன் மேல் இன்னும் 1 அல்லது 2. மனம் ஒட்டாதவளை அத்தனை ஆண்டு அந்த மேஜையருகே நிறுத்தப் போகிறீர்களா? பெற்றவர்களுக்குப் பிள்ளை கடன்பட்டவள் என்பதில் எனக்கு இரண்டாம் பேச்சில்லை. தள்ளாத காலத்தில் அவள் உங்களைத் தாங்கட்டும். ஆனால் உங்கள் ஆசைக்கு மேஜையில் படுத்திருப்பவர் ஏன் விலை கொடுக்க வேண்டும்?

இன்று அவளிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: ஆபரேஷன் ஆனவரை மறுநாளும் அதற்கடுத்த நாளும் தானாகப் போய்ப் பார்த்தாளா? ஆம் என்றால், இரண்டு துறையையும் பற்றி இன்னொரு முறை உட்கார்ந்து பேசுங்கள். “அதற்குள் அடுத்த கேஸ் வந்துவிட்டதும்மா” என்றால், விண்ணப்பத்தை அவள் கையில் கொடுத்துவிட்டு நகருங்கள்.