கேளுங்கள், சொல்கிறேன்: வள்ளத்தில் சாய்ந்த எழுத்து

கேள்வி: மாமாவின் வள்ளத்துக்கு ‘கடல்மகள்’ என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். பாய்ந்து போவது போல அகலமான, தடித்த, சாய்ந்த எழுத்துக் கேட்கிறார். கொம்பியூட்டரில் சாதாரண எழுத்தை இழுத்துச் சரித்துப் பார்த்தேன்; நசுங்கின மாதிரி வருகிறது. என்ன செய்யலாம்?
(வாசகர், உப்புவெளி)

பதில்: இழுத்ததுதான் பிழை, தம்பி. பக்கவாட்டில் இழுத்தால் நிமிர்ந்த கோடுகள் மட்டும் தடிக்கும்; படுத்த கோடுகள் இருந்தபடியே இருக்கும். ஆங்கில ‘எச்’சைப் பாருங்கள்: இரண்டு யானைக்கால், நடுவில் ஓர் ஈர்க்கு. அதைச் சரித்தால் இன்னொரு கோளாறு. ஆங்கில ‘ஓ’வின் வலது மேல் மூலையும் இடது கீழ் மூலையும் வீங்கும், மற்ற இரண்டும் மெலியும். நல்ல எழுத்துருவில் அகல வகையைத் தனியாகவே வரைந்து, சரித்த பிறகு இந்த வீக்கங்களைக் கண்ணால் பார்த்துத் திருத்தியிருப்பார்கள். காசு வாங்குவது அதற்குத்தான்.

ஆங்கிலப் பெயருக்கு யூரோஸ்டைல் என்ற எழுத்துருவின் தடித்த அகல வகையைப் பாருங்கள். இத்தாலியில் தூரின் நகரத்து நெபியோலோ அச்செழுத்து வார்ப்பகத்துக்காக ஆல்டோ நொவாரேசே வரைந்தது, 1962இல் வந்தது. அதற்கு முன்னோடி 1952இல் வந்த மைக்ரோகிராமா. அதில் பெரிய (கப்பிட்டல்) எழுத்துகள் மட்டும்தான். யூரோஸ்டைலில் ‘ஓ’ வட்டமில்லை, மூலை மழுங்கிய பெட்டி. எவ்வளவு தடித்தாலும் உள்ளே இடைவெளி இருக்கும், கரையில் நின்றே வாசிக்கலாம். சாய்வு 12 பாகை போதும். அதற்கு மேல் போனால் விழப்போகிற எழுத்து.

தமிழுக்கு வருவோம். சாய்வெழுத்து நமக்குத் தனி மரபாக இருந்ததில்லை; அதனால் ஆங்கிலத்துக்குக் கொடுத்த சாய்வில் பாதி கொடுத்தால் போதும். ‘ல்’லைச் சரித்துப் பாருங்கள், புள்ளி நகர்ந்து பக்கத்து ‘ம’வின் தலையில் ஏறப் பார்க்கும். இழுத்ததில் அது முட்டை வடிவமும் ஆகியிருக்கும். அந்தப் புள்ளிகளை அழித்துவிட்டு வட்டமாக வேறு வைத்து, கொஞ்சம் இடப்பக்கம் தள்ளுங்கள். ‘க’வின் வயிறு அடைபட்டால் தடிப்பைக் குறையுங்கள். மாமா முறைப்பார், முறைக்கட்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். வள்ளத்தின் வலப்பக்கம் ஒட்டினால் எழுத்து அணியத்தை, அதாவது வள்ளத்தின் முன்பக்கத்தைப் பார்த்துச் சாயும், பாய்கிற மாதிரி இருக்கும். அதையே இடப்பக்கம் ஒட்டினால் பின்பக்கம் சாயும்! திருகோணமலைக் கரையில் இப்படிப் பின்னால் போகிற வள்ளங்கள் நிறைய நிற்கின்றன. சிலர் அந்தப் பக்கத்துக்கு எழுத்தை இடப்பக்கமாகச் சரிப்பார்கள். என் கண்ணுக்கு அது ஒத்துவராது. இடப்பக்கத்துக்கு மட்டும் நிமிர்ந்த எழுத்தே போடுங்கள்.

கேள்வி: கோயில் திருவிழா நோட்டீஸ் முழுவதையும் இந்த மாதிரி எழுத்தில் அடிக்கலாமா?
(வாசகி, சாம்பல்தீவு)

பதில்: தலைப்புக்கு அடியுங்கள், அக்கா. உபயகாரர் பெயர்களையும் இதில் போட்டால் ஒரு பக்க நோட்டீஸ் நாலு பக்கமாகும். அப்புறம் அச்சுக்கூலிக்கும் ஓர் உபயகாரர் தேட வேண்டி வரும்.