எண்ணெய் தின்னும் பாக்டீரியாவைத் தூவினால் போதுமா?

கேள்வி: 2023 டிசம்பர் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் எங்கள் எண்ணூர் கழிமுகமெங்கும் படிந்தது. பாக்டீரியா வாங்கித் தூவினால் சேறு சுத்தமாகிவிடும் என்கிறார்களே, உண்மையா சார்?
– ஒரு வாசகி, எண்ணூர்

பதில்: தூவ வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லையம்மா. அவை உங்கள் ஆற்றுச் சேற்றிலேயே இருக்கின்றன.

ஆராய்ச்சி மாணவனாக இருந்தபோது இரண்டு குடுவைகளில் கடல்நீர் ஊற்றி, துறைமுகச் சேறு ஒரு சிட்டிகையும் கச்சா எண்ணெய் சில சொட்டும் விட்டுக் குலுக்கும் இயந்திரத்தில் வைத்தேன். ஒன்றில் மட்டும் நைட்ரஜன், பாஸ்பரஸ் உப்புகள் சேர்த்திருந்தேன். சில நாட்களில் அதில் எண்ணெய் பொடிப்பொடித் துளிகளாக உடைந்து, தண்ணீர் அரிசி களைந்த நீர்போல வெளுத்துவிட்டது. மற்றதில் எண்ணெய் கறுப்பு வளையமாக அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது.

எண்ணெயில் கார்பன் கொட்டிக் கிடக்கிறது. ஆனால் பாக்டீரியா பெருக நைட்ரஜனும் பாஸ்பரஸும் வேண்டும். அவை கிடைத்தால், அல்கானிவோராக்ஸ் போன்ற கடல் பாக்டீரியாக்கள் சோப்பு மாதிரி ஒன்றைச் சுரந்து எண்ணெயைத் துளியாக்கும். எண்ணெய் மூலக்கூறின் நுனியில் ஆக்சிஜனைக் கோத்து, படிப்படியாகக் கொழுப்பமிலமாக மாற்றும். அப்புறம் நம் உடம்பு நெய்யை எரிப்பதுபோலத்தான்.

1989-ல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டீஸ் கப்பல் சுமார் 37,000 டன் கச்சா எண்ணெயைக் கொட்டியபோது, கரைக்கற்கள்மேல் உரம் தெளித்துப் பார்த்தார்கள். சில வாரங்களில் தெளித்த இடம் மட்டும் தனியாக வெளுத்துத் தெரிந்தது. ஆனால் 2001-ல் அந்தக் கடற்கரைகளில் குழி தோண்டியபோது அடியில் எண்ணெய் இன்னும் இருந்தது. காற்று புகாத இடம்.

எண்ணூரை நினைத்தால் எனக்கு அதுதான் கவலை. அலையாத்தி வேரடியில் ஒரு குச்சியால் கிளறிப் பாருங்கள். மேலே பழுப்பு, கொஞ்சம் கீழே போனால் கறுப்பு, அழுகிய முட்டை வாடை. ஆக்சிஜன் தீர்ந்துபோன சேறு அது. அங்கே சிதைவு ஆமை வேகம்தான். தார் போன்ற கனமான பகுதி வருடக்கணக்கில் கிடக்கும். சரி, உரம் போடலாமா என்றால், கழிமுகத்தில் கண்டபடி போட்டால் பாசி பெருகி மீன்தான் மூச்சு முட்டிச் சாகும்.

ஆகவே, எண்ணெய் சேற்றில் இறங்குவதற்குள் அள்ளி எடுப்பதுதான் முதல் வேலை. மிஞ்சிய படலத்தை பாக்டீரியா பார்த்துக்கொள்ளும். அள்ளக் கூப்பிட்டால் கையுறையும் பூட்ஸும் கேளுங்கள் அம்மா. தராவிட்டால் யாரும் இறங்க வேண்டாம்.