காலை 10 மணிக்கு அடித்த என்.பி.வி. ஏன் வேலை செய்யவில்லை?

கேள்வி: நிலக்கடலை, 45 நாள் பயிர். புரோட்டீனியா புழுவுக்கு (இலை தின்னும் புகையிலை வெட்டுப்புழு) என்.பி.வி. கரைசல் வாங்கி காலை 10 மணிக்கு நல்ல வெயிலில் அடித்தேன். ஒரு வாரம் ஆகியும் புழு அப்படியே மேய்கிறது. மருந்து போலியா? ரசாயனத்துக்கே போய்விடலாமா?

பதில்: வணக்கம் ஐயா. போலி என்று இப்போதே முடிவு கட்டாதீர்கள், எனக்குச் சந்தேகமெல்லாம் அந்த 10 மணி மேல்தான். என்.பி.வி. என்பது புழுவுக்கு நோய் கொடுக்கும் வைரஸ், புழு அதைத் தின்றால்தான் சாகும். புரோட்டீனியா பகலில் மண் வெடிப்பிலும் சருகுக்கு அடியிலும் பதுங்கிக்கொண்டு ராத்திரியில்தான் மேயும். அது மேலே ஏறி வருவதற்குள் நீங்கள் அடித்தது முழுப் பகல் வெயிலையும் வாங்கிவிட்டது.

வெயிலில் சூட்டைவிட புற ஊதாக் கதிர்தான் இதற்கு எமன். வைரஸ் துகள்கள் ஒரு புரதப் படிகத்துக்குள் புதைந்திருக்கும், அந்தக் கூடு மண்ணுக்குள் மாதக்கணக்கில் வைரஸைக் காப்பாற்றும், ஆனால் இந்தக் கதிரை அதனால் தடுக்க முடியாது. கதிர் உள்ளே போய் வைரஸின் மரபுப் பொருளான டி.என்.ஏ.வில் அடுத்தடுத்து இருக்கும் தைமின் என்ற கூறுகளை ஒன்றோடொன்று பிணைத்துவிடும், அப்புறம் வைரஸ் பெருக வழியில்லை. அந்தப் புரதக் கூட்டைக் கட்டும் அமினோ அமிலங்களில் டிரிப்டோபானும் டைரோசினும் இந்தக் கதிரை அதிகம் உறிஞ்சுபவை, அதில் டிரிப்டோபான் சிதையும்போது ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகி பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும். நம் தோலிலும் கடலைச் செடியிலும் இதே சேதம் தினமும் நடக்கிறது, ஆனால் உயிருள்ள செல் அதைப் பழுது பார்த்துக்கொள்ளும். இலைமேல் சும்மா கிடக்கும் வைரஸுக்கு அது முடியாது. பி.டி. (புழுவைக் கொல்லும் பாக்டீரியா மருந்து) தெளிப்பும் வெயிலில் இப்படித்தான் வீணாகும், அதன் படிகப் புரதத்தில் டிரிப்டோபான் கெட்டால் நஞ்சு போய்விடும்.

சரி, இனி செய்ய வேண்டியது. சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகு அடியுங்கள். ஏக்கருக்கு 100 எல்.இ. (ஹெக்டேருக்கு 250; எல்.இ. என்பது எத்தனை நோயுற்ற புழுவுக்குச் சமமான வைரஸ் என்ற அளவு), 200 லிட்டர் தண்ணீர், அதோடு 1 கிலோ வெல்லம் அல்லது நாட்டுச் சர்க்கரையைக் கரைத்து வடிகட்டி ஊற்றுங்கள். வெல்லம் கதிரைக் கொஞ்சம் தாங்கும், புழுவும் விரும்பித் தின்னும். ஒட்டும் திரவம் கட்டாயம் சேருங்கள். முக்கியமாக இலையின் அடிப்பக்கம் நனைய வேண்டும், அங்கேதான் நிழல், குஞ்சுப் புழுக்கள் கூட்டமாகச் சுரண்டுவதும் அங்கேதான். மேகமூட்டம்தானே என்று மத்தியானம் அடிக்காதீர்கள், மேகத்தைத் தாண்டியும் கதிர் வரும். பாட்டிலையும் வரப்பில் வெயிலில் வைக்காதீர்கள்.

புழு சிறிதாக இருக்கும்போதுதான் இது நன்றாகக் கேட்கும். விரல் பருமனுக்கு வளர்ந்ததற்கு வைரஸ் போதாது, அவற்றைக் கையால் பொறுக்கி அழிப்பதே நல்லது. வரப்பில் ஆமணக்கு இருந்தால் இலையைத் திருப்பிப் பாருங்கள், பழுப்பு ரோமம் மூடிய முட்டைக் குவியல் கிடைத்தால் இலையோடு கிள்ளி எரித்துவிடுங்கள். ரசாயனம் அடித்தால் புழுவின் முட்டையை அழிக்கும் முட்டை ஒட்டுண்ணிகளும் சேர்ந்து சாகும், அதனால்தான் அவசரப்பட வேண்டாம் என்கிறேன்.

அடித்த 5 முதல் 7 நாளில் செடி நுனியில் புழுக்கள் தலைகீழாகத் தொங்கும், தொட்டால் உடைந்து நீராக வடியும். அப்படி ஒன்றுகூடத் தென்படவில்லை என்றால் பாட்டிலின் தயாரிப்புத் தேதியையும், கடையில் அதை எங்கே வைத்திருந்தார்கள் என்பதையும் விசாரித்து எனக்கு எழுதுங்கள்.