ரோமில் 30 டிகிரிதானே என்று கிளம்பாதீர்கள்

கேள்வி: ஜூன் இரண்டாவது வாரம் கணவர், 68 வயது மாமியாருடன் ரோம், ஃபுளோரன்ஸ், வெனிஸ் போகிறோம். நடுவில் ஒரு நாள் பொம்பெய். அங்கே வெயில் 30 டிகிரிக்குள்தான் என்கிறார்கள். மதுரை வெயிலைப் பார்த்த எங்களுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டா?
– வாசகி, மதுரை

பதில்: டிகிரியை மட்டும் பார்த்தால் நீங்கள் சொல்வது சரிதான். ரோமில் ஜூன் மாதப் பகல் சராசரி 27, 28 டிகிரிதான், ஆனால் சில வருஷங்களில் ஜூனிலேயே 35ஐத் தாண்டிவிடுகிறது. அது இருக்கட்டும். மதுரையில் மத்தியானம் ஒரு மணிக்கு மாமியாரைக் கூட்டிக்கொண்டு நாலு மாசி வீதியையும் சுற்றி வருவீர்களா? ஊரில் அந்த நேரத்தில் ஃபேனைப் போட்டுக்கொண்டு படுத்துவிடுவோம். அங்கே, டிக்கெட் எடுத்தாயிற்றே என்று கொலோசியத்துக்கு வெளியே நின்றுகொண்டிருப்பீர்கள். ரோமின் பழைய தெருக்களில் பாவியிருப்பது கருங்கல், பகலெல்லாம் சூடு வாங்கி ராத்திரி வரை கக்கும்.

அதனால் ஒவ்வொரு நாளையும் இரண்டாக உடையுங்கள். திறந்தவெளி எல்லாம் காலை பதினோரு மணிக்குள் முடியட்டும், கொலோசியம், பக்கத்திலுள்ள ஃபோரம் இடிபாடுகள் இரண்டுக்கும் கிடைக்கிற முதல் நேரத்துக்கே டிக்கெட் போடுங்கள், ஃபோரத்தில் ஒதுங்க நிழல் ரொம்பக் குறைவு. மத்தியானம் சாப்பாடு, அப்புறம் அறையில் தூக்கம், இல்லையென்றால் ஏதாவது ஒரு பழைய சர்ச். தடித்த கல் சுவர் என்பதால் உள்ளே குளுகுளுவென்று இருக்கும். ஜூனில் ரோமில் சூரியன் மறையவே இரவு எட்டே முக்கால் ஆகும், ஆகவே ஆறு மணிக்குக் கிளம்பினாலும் ஊர் சுற்ற வேண்டிய மட்டும் வெளிச்சம் இருக்கிறது.

ரோமில் மாலையானால் கடல் பக்கமிருந்து கொஞ்சம் காற்றாவது வரும். ஃபுளோரன்ஸ் அப்படியில்லை, சுற்றிலும் குன்று, நடுவில் ஆர்னோ ஆறு, புழுக்கம் அப்படியே தேங்கி நிற்கும். அங்கே கதீட்ரல் குவிமாடத்துக்கு 463 படி, லிஃப்ட் கிடையாது, வழியும் குறுகல். மாமியாரைக் கீழேயே உட்கார வைத்துவிட்டு நீங்கள் இருவரும் காலையில் ஏறி இறங்குங்கள். வெனிஸில் வெயிலைவிட ஈரப்பதமும் கொசுவும்தான் தொல்லை, கொசு விரட்டி க்ரீமை மறக்க வேண்டாம்.

அறை போடும்போது ஏசி உண்டா என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேளுங்கள், பழைய கட்டடங்களில் இருக்கும் என்று நம்ப முடியாது, நம் ஊர் மாதிரி சீலிங் ஃபேனையும் எதிர்பார்க்காதீர்கள். ஜன்னலுக்கு வெளியே மரக்கதவு இருக்கும். பகலில் வெளியே போகும்போது அதை இறுக்கச் சாத்திவிட்டு, ராத்திரி திறந்துவிடுங்கள்.

தண்ணீருக்குக் காசு கொடுக்காதீர்கள். ரோம் தெருக்களில் நாசோனி என்று இரும்புக் குழாய்த் தூண்கள் சுமார் 2500 இருக்கின்றன, 1874லிருந்தே உண்டு, ஜில்லென்ற குடிதண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கும். குழாயின் வாயை விரலால் அடைத்தால் மேலே உள்ள சின்ன ஓட்டை வழியாகத் தண்ணீர் பீய்ச்சும், குனியாமல் குடிக்கலாம். மாமியாருக்கு அது வசதி. இரண்டு ஓஆர்எஸ் பாக்கெட் கைப்பையில் இருக்கட்டும். அவர் பிபி மாத்திரை, நீர் பிரிய மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறார் என்றால், கிளம்புமுன் டாக்டரிடம் வெயிலைச் சொல்லிக் கேட்டுவிடுங்கள். இத்தாலிய சுகாதார அமைச்சகம் கோடையில் 27 நகரங்களுக்கு வெப்ப எச்சரிக்கை வெளியிடுகிறது. சிவப்பு என்று போட்டிருந்தால் அன்றைக்குப் பகலில் வெளியே போகும் எண்ணத்தையே விட்டுவிடுங்கள்.

உடைக்குப் பருத்திச் சுடிதாரும் துப்பட்டாவும் போதும். வாடிகனின் செயின்ட் பீட்டர்ஸ் சர்ச்சில் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், அந்தக் கவலையும் தீர்ந்தது. மடக்குக் குடையை வெட்கப்படாமல் விரியுங்கள்.

பொம்பெய்? மாமியாரோடு வேண்டாம். எரிமலைச் சாம்பலிலிருந்து தோண்டி எடுத்த ஊர், பெரும்பாலான வீடுகளுக்குக் கூரை இல்லை, மேடு பள்ளமான கல் பாதை வேறு. ரோமிலிருந்து அதிகாலையில் கிளம்பினாலும் நல்ல வெயில் ஏறிய பிறகுதான் உள்ளே நுழைவீர்கள். அந்த நாளை ரோமுக்கே கொடுத்துவிடுங்கள். கட்டாயம் பார்த்தே ஆக வேண்டும் என்றால் நீங்களும் கணவரும் முந்தின நாளே போய் அந்தப் பக்கம் தங்கி, காலையில் திறந்ததும் உள்ளே போங்கள், ஆனால் மாமியாரோடு ரோமில் யார் இருப்பது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.